மச்சானின் வைப்பும் மருமகனின் லொறியும்

என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவராகிய மச்சான், வீட்டுக்கு வருவோரையும் வயல் வரம்பில் எதிர்ப்படுவோரையும் ஒரே கேள்வியால் வரவேற்பவர். "சோறு திண்டயா மனே?" என்று எல்லோரையும் மகனாக்கிக் கேட்பார். பாரிசவாதம் அவருடைய உடலின் ஒரு பக்கத்தை முடக்கியது. அதன் பின்னர் ஞாபகமும் சிறிது சிறிதாகக் கரைந்து, தம் பெயரும் மக்களின் பெயர்களும் அவரை விட்டு அகன்றன. அந்தக் கேள்வி மாத்திரம் அகலவில்லை.

எங்கள் கரையோர ஊர்களில் மணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டிலே குடியிருக்கப் போகிறான். ஆகவே பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் தலைமேல் ஏறும் கடமையாகிறது. மச்சான் தாம் வாழ்ந்த வீட்டையே மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்தார். அதே வளவின் பின்புறத்தில் ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாகத் தாமும் ராத்தாவும் ஒதுங்கிக்கொண்டார்கள். இளைய மகளுக்காக நற்பிட்டிமுனைப் பக்கத்து வயற்காணி ஒன்றை விற்று, அந்தப் பணத்தை வங்கியின் வட்டியில்லாப் பிரிவில் நிரந்தர வைப்பாக இட்டு, பக்கத்துக் காணியில் அத்திவாரமும் போட்டார். சுவர்கள் யன்னல் மட்டத்துக்கு எழுந்த வேளையில் நோய் வந்து சேர்ந்தது. இளையவளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தக்காரர்கள் அந்த அரைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை அவர்கள் வீட்டுப் பெண்கள் மெல்ல உணர்த்தவும் தொடங்கியிருந்தார்கள்.

தன் கருமத்தைத் தானே பார்க்க இயலாத ஒருவரின் பணத்தை வங்கி மனைவியிடமும் கொடாது, மக்களிடமும் கொடாது. அதைப் பார்ப்பதற்கென நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். யாரைக் கேட்பது என்ற பேச்சே எங்கள் குடும்பத்தில் எழவில்லை. மூத்த மருமகன் இருக்கும்போது வேறு எவர்? அவ்வீட்டின் ஆண்பிள்ளை அவர்தான். வெள்ளிக்கிழமை தோறும் மச்சானைத் தூக்கிக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரம் உடுத்தி, ஜும்ஆத் தொழுகைக்குக் கொண்டுபோனவரும் அவரே.

நீதிமன்றப் படிகளில் மச்சானை ஏற்ற முடியாமல், வளவில் நின்ற மரத்தடியில் வான் வண்டியை நிறுத்தியிருந்தோம். நீதிபதி தாமே இறங்கி வந்தார். அங்கி அணிந்த ஒருவர் ஒரு நோயாளியைத் தேடி வெயிலில் நடந்து வருவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. வானின் கதவருகே குனிந்து, "உங்கட பெயர் என்ன ஐயா?" என்று கேட்டார்.

மச்சான் அவரை நெடுநேரம் பார்த்தார்.

"சோறு திண்டயா மனே?"

"இல்ல ஐயா. இன்னும் இல்ல."

"போய்த் திண்டுட்டு வேலையப் பாரு."

உடன் வந்த பொலிஸ்காரர் தம் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ ஆராய்ந்தார். நீதிபதி சிரிக்கவில்லை. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று பிறப்பித்த கட்டளையில் மருமகனைப் பொறுப்பாளர் ஆக்கினார். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் எடுக்கலாம் என்றார். நிரந்தர வைப்பில் நீதிமன்றத்தின் அனுமதியின்றி எவரும் கைவைக்கலாகாது, வீட்டு வேலைக்கு வேண்டியதையும் கேட்டே பெற வேண்டும் என்றார். கட்டளையின் பிரதி ஒன்று வங்கிக்கும் சென்றது.

மருமகனுக்கு ஒரு லொறி இருந்தது. அதே வங்கியின் அதே கிளையில் பெற்ற கடனில் வாங்கியது. நாடெங்கும் டீசலுக்கு வரிசை நின்ற காலத்தில் அந்த லொறி அசையாமல் நின்றது, தவணைகள் நிலுவையாயின. அவருடைய முகம் வாடியிருந்ததை நாங்கள் அறிவோம். இளையவளின் வீட்டு வேலை ஏன் நிற்கிறது என்று கேட்டால், "கோட்டுல இருந்து கடிதம் வரணும்" என்பார்.

பின்னர் ஒரு நாள் அவர் வீட்டில் நபிகள் புகழ் பாடும் மௌலூது ஓதி, ஊரை அழைத்துச் சாப்பாடு கொடுத்தார். லொறி கடனிலிருந்து மீண்ட சந்தோசத்துக்கு என்றார்கள். முற்றத்தில் சகன்கள் வைக்கப்பட்டு, ஒவ்வொரு தட்டைச் சுற்றியும் ஆட்கள் அமர்ந்திருந்தார்கள். பின்புறக் குசினியில் மச்சானுக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அயல்வீட்டுப் பெண்ணொருத்தி ராத்தாவிடம், "மருமகன்ட லொறிக் கடன் முழுக்க முடிஞ்சிட்டாமே கா" என்றாள்.

"எப்படிப் புள்ள முடிஞ்ச? டீசல் இல்லாம நிண்ட லொறி காத்துலயா ஓடின?" என்றார் ராத்தா.

மருமகன் இறைச்சிக் கறியோடு உள்ளே வந்தார். ராத்தா அவரிடமே கேட்டார்.

"மகன், லொறிக்குக் கட்டின காசி எங்கால?"

அவர் மறைக்கவில்லை. அதுவே எனக்கு முதல் வியப்பு. "மாமாட வைப்ப ஒடச்சித்தான் மாமி. பேங்குல ஐயாவும் சொன்னாரு, மூத்த மருமகன்தானே, ஒரு ஊட்டுக் காசிதானே எண்டு. லொறி ஓடினா மாசா மாசம் திருப்பிப் போட்டுருவன்."

"சின்னவட ஊட்டுக்கு?"

"அதுக்கும் நான்தானே நிக்கிறன்."

"அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவருக்கு என்ன தெரியும் மாமி?"

"அவருக்குத் தெரியாதெண்டுதானே கோட்டுல ஒங்கள வெச்ச" என்றார் ராத்தா. கறிப் பாத்திரத்தை வாங்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருமகனின் தவறும் வங்கி அலுவலரின் தவறும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. அந்த அலுவலரும் எங்கள் ஊரவர். அவரும் மனைவி வீட்டில் குடியிருப்பவர். ஒரு கூரையின் கீழ் உண்பவர்களின் பணம் ஒரே பணம் என்பது இங்கே பிறந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத நம்பிக்கை.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் அஸர் தொழுகைக்குப் பின் எங்களை அழைத்தார்கள். வெளியூருக்குத் தெரியாமல் முடிக்கும்படியும், மருமகனுக்கு மாப்புக் கொடுக்கும்படியும் நயமாகச் சொன்னார்கள். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "என்ட காசியெண்டா இப்பவே மாப்பு. இது அவர்ர காசி. அவர்ர வாயால கேளுங்க" என்றார். எவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் நானும் ராத்தாவும் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மருமகனிட்ட என்ன இருக்கு?" என்றார். லொறி மட்டும்தான் என்றேன். "அப்ப வங்கிய கேப்பம்."

"பேங்க எப்படி மிஸ் கேக்கிற? அவங்க கேட்டாத்தானே நாம பயப்பிடுற."

"ஒரு தரம் அவங்களும் பயந்து பாக்கட்டும் காக்கா" என்று எங்கள் வழக்கில் அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார்.

நான் நம்பவில்லை. கண்ணாடிக் கதவும் காவற்காரனும் குளிரூட்டிய காற்றும் உள்ள அந்த இடத்துக்குள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

விசாரணை நாளிலும் மச்சானை அதே மரத்தடிக்குக் கொண்டுவந்திருந்தோம். பகைமை நடுவில் நின்றபோதும் அவரைத் தூக்கி வானில் இருத்தியவர் மருமகனே. அந்தப் பாரத்தைத் தாங்கும் முறை வேறெவருக்கும் கைவரவில்லை. வங்கியின் சட்டத்தரணி திறமையாகப் பேசினார். நீதிமன்றம் நியமித்தவரே கையொப்பமிட்டார். அவர் சொற்படி நடப்பது வங்கியின் கடமை. அவர் பணத்தை என்ன செய்கிறார் என்று பின்தொடர்ந்து பார்ப்பது வங்கியின் வேலையன்று என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது நியாயமாகத் தோன்றியது. ராத்தாவின் கை என் சட்டைக் கையை இறுகப் பற்றியது.

நீதிபதி நிதானமாகச் சொன்னதை என் ஞாபகத்தில் நின்றவாறு எழுதுகிறேன். பொறுப்பாளர் முறையாக எடுத்த பணத்தை வெளியே கொண்டுபோய் களப்பு நீரில் எறிந்திருந்தாலும் வங்கியிடம் தாம் கேள்வி கேட்டிருக்கமாட்டார் என்றார். ஆனால் இந்தப் பணம் வங்கியின் வாசலைத் தாண்டவேயில்லை. ஒரு நோயாளியின் வைப்பிலிருந்து இறங்கி, வேறொருவர் அதே வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடனில் ஏறியது. அதைத் தடுக்கும் கட்டளை வங்கியின் ஆவணக் கோவையில் இருந்தது. யாருடைய பணம், யாருடைய கடன் என்பதை வங்கி அறிந்திருந்தது. பயனைப் பெற்றதும் வங்கியே. ஆகவே வைப்பை முன்பிருந்தபடி வங்கி நிரப்ப வேண்டும். தனது கடனை மருமகனிடம் அது தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். பொறுப்பு ராத்தாவுக்கு மாற்றப்பட்டது.

வழக்கென்று ஒன்று நடப்பதையும், தம் பணம் போனதையும் அறியாத ஒரு மனிதர் வெளியே மரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக அத்தனை பெரிய நிறுவனம் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நீதிபதி இன்னுமொன்றும் செய்தார். "பணம் அவருடையது. கட்டளையை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்" என்றார். அவருக்கு விளங்காதென்று வங்கியின் சட்டத்தரணி மெதுவாகச் சொன்னார். "விளங்காவிட்டாலும் அவருக்குச் சொல்ல வேண்டும்" என்றார் நீதிபதி.

நீதிமன்ற அலுவலரான முதலியார் மரத்தடிக்கு வந்து, வானின் முன் நிமிர்ந்து நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். வளவில் நின்ற சனம் பேச்சை நிறுத்தியது. மச்சான் தமது நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்பவரைப் போல் கேட்டார். வாசிப்பு முடிந்ததும் முதலியாரை நோக்கினார்.

"சோறு திண்டயா மனே?"

முதலியார் தலையசைத்தார். மச்சானின் பார்வை நகர்ந்து, வானின் கதவைப் பிடித்தபடி நின்ற மருமகன் மேல் நின்றது.

"நீ?"

மருமகன் கதவை விட்டுவிட்டு மரத்தின் மறுபக்கம் போய் நின்றார். சற்று நேரத்தின் பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மச்சானின் சரிந்த காலைத் தூக்கி உள்ளே வைத்தார்.

லொறி இப்போதும் ஓடுகிறது. அதன் கடனைத்தான் அவர் மாதந்தோறும் வங்கிக்குக் கட்டுகிறார். வங்கி வைப்பை நிரப்பியது. ராத்தா நீதிமன்றத்தில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வேலையாக முடித்தார். இளையவளின் வீட்டுக்குக் கூரை மரம் ஏற்றிய அன்று மச்சானை உள்ளே கதிரையில் இருத்தினோம். தலைக்கு மேல் ஆசாரிமார் கூரை வளைகளில் நடந்து ஆணி அடித்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, மேலே நின்ற ஒவ்வொருவரிடமும் தம் கேள்வியைக் கேட்டார். இளையவள் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்தாள்.