அப்பாக் குருவி திரும்பாத படம்

மகள் படிக்கும் பள்ளியில் ஏதோ ஒரு கார்ட்டூன் படம் போடப்போகிறார்களாம். நடுவில் ஒரு சாவு வருகிறது, படம் முழுக்க இருட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு அம்மா வாட்ஸப் குழுவில் கேட்டுவைக்க, காலையிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. நான் பதில் போடாமல், மகளுக்கு வாங்கிய புது பனியனைப் பையிலிருந்து உருவினேன். இஸ்திரி ஆவியும் பஞ்சுத் தூசியும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எனக்கு அது முதல் வேலையின் வாசனை.

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்த பனியன் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பாட்டுப் பாடத் தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். தெரியும் என்றேன். தைக்க வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் உட்கார வைத்துவிட்டார். நான் பாட ஆரம்பித்ததும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதையும் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அயர்னிங் செக்‌ஷனுக்கு அடுத்த அறை அது. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டிங்கில் மிஞ்சிய துணியை அடைத்துத் தைத்த மெத்தைகள், ஒரு டிவி, ஒரு டிவிடி பிளேயர். மதியம் சாப்பிட்டதும் கார்ட்டூன். அந்தப் பிள்ளைகளில் நிஷா நாலு வயசுக்காரி. அவள் அம்மா செல்வராணி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். நிஷாவின் அப்பா லாரி மோதி இறந்துபோயிருந்தார். பிள்ளையிடம் அவர் சூரத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள். எங்களையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தாள். அப்பா வரும்போது பொம்மைக்கு ஜிகினாப் பாவாடை வாங்கி வருவார் என்று நிஷா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று போட்ட டிவிடியின் அட்டையில் வண்ணவண்ணமாகக் குருவிகள் இருந்தன. பாதிப் படத்தில் புயல் வந்தது. இரை தேடப் போன அப்பாக் குருவி திரும்பவில்லை. திரை கறுத்துப்போய் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. சின்னதுகள் அழ ஆரம்பிக்க, நான் படத்தை நிறுத்தினேன். நிஷா அழவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எங்கப்பாவும் இப்படித்தானுங்களா டீச்சர்?" என்றாள்.

காப்பகத்து ஆயாவை அனுப்பிச் செல்வராணியைக் கூப்பிட்டேன். தலையெல்லாம் நூல் ஒட்டியிருக்க ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், மெத்தையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆமா தாயி. அப்பா செத்துப் போயிட்டாரு. இனி வரமாட்டாரு. அம்மா இருக்கேன்."

"சூரத்துல இல்லியா?"

"இல்ல தாயி."

இரண்டு பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குருவிக்குஞ்சுகள் அப்புறம் என்ன ஆயின என்று கேட்டாள். மீதிப் படத்தைப் போட்டேன். செல்வராணியைத் தேடிவந்த லைன் சூப்பர்வைசரும் வாசலில் நின்று கடைசிவரை பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிடாமலே லைனுக்குத் திரும்பினார்.

மறுநாள் வேறொரு அம்மா புகார் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், கொழந்தைங்களுக்கு இப்படிப் படமெல்லாம் வேணுமுங்களா?" டிவியையே எடுத்துவிடலாம் என்று முடிவாகப்போகிற நேரத்தில் செல்வராணி உள்ளே வந்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தலை நிமிர்ந்து பேசாதவள்.

"படத்து மேல குத்தமில்ல சார். நான் சொல்ல முடியாமக் கெடந்தத அது சொல்லிருச்சு. ஆனா பிள்ளைகளத் தனியாப் பாக்க விடாதீங்க. மடி ஒண்ணு பக்கத்துல வேணும்."

மேனேஜர் டிவி அங்கேயே இருக்கட்டும் என்றார். அதோடு விடவில்லை, படம் போடும்போது தைக்கிற பெண்களில் ஒருவர் முறைவைத்து வந்து உட்காரலாம் என்றும் சொன்னார். ஷிப்மெண்ட் நெருக்கத்திலும் மெஷினைவிட்டு ஆளை அனுப்பிய கம்பெனி எங்களுடையது. இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டில் எல்லோர் காதும் புளித்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் படமும் ஒத்துவராது என்பதும் அங்கே தெரிந்ததுதான். இடிச்சத்தம் கேட்டாலே நடுங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வெளியே போய்விடுவார்கள்.

போன வருஷம் கோயமுத்தூரில் நிஷாவைப் பார்த்தேன். நர்ஸாக இருக்கிறாள். பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. "என்ன படம்னே ஞாபகமில்லீங்க டீச்சர். அம்மா ஷிப்டு நடுவுல ஓடிவந்ததுதானுங்க ஞாபகமிருக்குது" என்றாள். செல்வராணியை நினைத்தபோது, என் வீட்டுப் பெண்ணை நினைப்பதுபோல் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தக் காப்பகம் இப்போது இல்லை. அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒரே திரைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து படம் பார்க்கும் பிள்ளைக்கூட்டத்தையும் நான் பார்த்து வெகுகாலமாகிறது. இப்போது ஆளுக்கொரு போன், காதில் ஹெட்போன். பிள்ளை எந்த இடத்தில் பயந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிவதில்லை.