ஒற்றைச் செருப்போடு வீடு வந்தவன்

எனக்கு அல்சைமர் வந்துவிட்டது, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அது முற்றாது என்றுதான் முதலில் நம்பினேன். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

ஆரம்பம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில். பதினெட்டு வருஷமாக ஸ்கூட்டரில் போகிற வழி. பச்சை விழுந்ததும் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் கத்தினார்: "இன்னா சார், சிக்னல்லயே குடி வந்துட்டியா? நவுரு சார்!"

அடுத்து, ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் வரவில்லை. எல்லாரையும் "மச்சான்" என்று கூப்பிட்டுச் சமாளித்தேன். தலைமையாசிரியையையும் ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமலாக மாற்றினேன்.

ஒருநாள் கேம்ப் ரோட்டில் காய்கறி வாங்கிவிட்டு நடந்து வந்தேன். வாசலில் பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்றை எங்கோ மறந்து விட்டுவிட்டேன்! "பிஞ்சிடுச்சு" என்று மனைவியிடம் பொய் சொன்னேன்.

அப்புறம் எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கித் தந்த, பாவமன்னிப்பு கேட்கும் பைபிள் அதிகாரம் ஒன்றை, விடிந்ததும் குளியலறையில் ஒப்பிப்பேன். பத்தாம் வசனத்தில் வண்டி நின்றுவிடும். ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கதவைத் தட்டினாள்.

"ஏங்க, என்ன பாவம் பண்ணீங்க? யாரு அவ?"

துண்டோடு நின்று அழுதேன். "எனக்கு அல்சைமர். இன்னும் கொஞ்ச நாள்ல உன்னையே யாருன்னு கேப்பேன்."

"கல்யாண நாளை வருஷா வருஷம் மறக்கிறீங்களே, அதுக்கு என்ன வியாதி? கிளம்புங்க டாக்டர்கிட்ட."

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று ஸ்கூட்டரை என்னிடம் தரவில்லை, அவளே ஓட்டினாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "டிமென்ஷியாங்கிறது ஒரே வியாதி இல்ல சார். ஞாபகம், யோசனை எல்லாம் குறைஞ்சு அன்றாட வேலையே தடுமாறுற நிலைமை. அல்சைமர் அதுக்கு ஒரு காரணம். சரிபண்ணக்கூடிய காரணங்களும் இருக்கு, முதல்ல அதைத் தேடணும். அல்சைமராவே இருந்தாலும் ஒளிச்சு வச்சா போயிடாது. சீக்கிரம் வந்தா, வீட்ல இருக்கவங்க தயாராகலாம்."

சிக்னலையும் பெயர்களையும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் மனைவி விடுவாளா? "செருப்பைச் சொல்லுங்க. பிஞ்சிடுச்சுன்னாரு டாக்டர், அடுத்த நாள் காய்கறிக் கடைக்காரர் முழுசா எடுத்துக் குடுக்கிறாரு!"

டாக்டரம்மா நிமிர்ந்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, "பாதத்துல பஞ்சு வச்சேன், தெரிஞ்சுதா?" என்றார்.

"வச்சீங்களா?"

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"சுகர் மாத்திரை மட்டும்தான்."

"அப்புறம் கேஸ் மாத்திரை," என்றாள் மனைவி. "எட்டு வருஷமா தினம் காலையில. மெடிக்கல் ஷாப்ல இவரே கேட்டு வாங்கறது."

அதை நான் மாத்திரையாகவே நினைத்ததில்லை. காபிக்கு முந்தின காபி, அவ்வளவுதான். நான் தனியாகப் போயிருந்தால் செருப்பும் கேஸ் மாத்திரையும் என் வாயிலிருந்து வந்திருக்காது. அவள் வாய்க்கு அன்றும் இன்றும் ஸ்தோத்திரம்.

ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. ஞாபகம் தடுமாறியதும் பாதம் மரத்ததும் அதனால்தான்; செருப்பை நான் மறக்கவில்லை, கழன்றதே தெரியவில்லை. அந்த இரண்டு மாத்திரைகளையும் வருஷக்கணக்கில் சேர்த்துச் சாப்பிட்டால் அப்படி ஆகலாமாம். கேஸ் மாத்திரையை நிறுத்தி பி12 ஊசி போட்டார்கள். சில மாதங்களில் வழியும் பெயர்களும் திரும்பி வந்தன. பாதம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது.