ஏலக்காய் ஸ்டோரில் ஒரு கார்

என் கல்யாண வாழ்க்கையில் பாதியை ஒரு காரின் விலையைக் கேட்டே கழித்தேன். மற்ற வீடுகளில் தங்கம் என்ன விலை, காய் என்ன விலை என்று பேசுவார்கள். எங்கள் வீட்டில் விடிந்தால் அந்தக் கார் இப்போது என்ன போகும் என்பதுதான் பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இப்போது எழுதும்போதும் அந்தச் சலிப்பு போனபாடில்லை.

அது என் மாமனார் வாங்கிய கார். மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது, ஏலக்காய் நல்ல விலைக்குப் போயிருந்த தெம்பில் இவர் வாங்கிப்போட்டார். கரும்பச்சை நிறம். முன்னால் இரண்டு பெரிய விளக்குகள், உள்ளே தோல் சீட்டு, மரப்பலகையில் பதித்த கடிகாரம். போடி பஜாருக்குள் அது வந்தால் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசோடு வெளியே வந்து நின்று பார்ப்பார்களாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த மவுசு கொஞ்சம் இறங்கியிருந்தது. போடிமெட்டு ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றாமல் ஏறாது.

எழுபதுகளின் நடுவில் மாமனார் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு கோயமுத்தூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். பழைய கார்களை மில் முதலாளிகள் தேடித் தேடி வாங்குகிறார்கள், வருஷா வருஷம் விலை ஏறிக்கொண்டே போகிறது என்றார். எங்கள் காருக்கு அவர் சொன்னது கிட்டத்தட்ட ஒரு புதுக் காரின் விலை. காரைச் சுற்றிக்கூட வரவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னார். பார்க்காமல் சொன்ன விலைக்கு எங்கள் வீட்டில் மரியாதை அதிகம்.

அடுத்த மாதம் பாகப்பிரிவினை. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிரிக்கிறவன் ஏமாற்ற முடியாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. என் கணவர் இளையவர். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், மலைத் தோட்டத்தை நேர்பாதியாக வெட்டினார். அதில் வம்பில்லை. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, மலைக்குக் கீழே சிலமலை ஊரில் கிணற்றோடும் ஒரு ஓட்டு வீட்டோடும் இருந்த தோட்டம். இன்னொன்று கார். தரகர் சொன்ன விலையை வைத்து மூத்தார் இரண்டையும் சமம் என்று வைத்துவிட்டார்.

எனக்கு இழுப்பு உண்டு. மலையில் பனி இறங்கினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைப்பேன். போடி டாக்டர் ஒவ்வொரு தடவையும் மருந்தோடு சேர்த்து அதையும் சொல்லி அனுப்புவார்: "கீழ வந்துரும்மா. மலைக்குளிரு ஒனக்கு ஆகாது." சிலமலை வீடு எங்களுக்கு வந்தால் நான் கீழே இருக்கலாம், என் கணவர் ஜீப்பில் தோட்டத்துக்குப் போய் வரலாம். பங்கு எடுக்கும் அன்று காலை அவருக்கு இட்லி வைக்கும்போதே சொன்னேன்.

"கெணத்துப் பங்க எடுங்க. வேற எதும் வேணாம்."

"சரி, சரி" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காபித் தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டேன். அன்றைக்கு யாருக்கும் காபி கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மூத்தாரின் முகமும் தொங்கிப்போனது. தம்பி பெண்டாட்டி சொல் கேட்டுக் கிணற்றை எடுப்பான், கார் நமக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கிணறும் வீடும் கையில் இருக்க, ஏமாந்துவிட்டோம் என்றே அதன் பிறகு அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியோடு பேச்சும் குறைந்துபோனது.

"இத வித்து அந்த மாதிரி ரெண்டு கெணறு வாங்கித் தர்றேன் பாரு" என்றார் என் கணவர்.

விற்க வேண்டும் அல்லவா? ஏலக்காய்க்காரர் புத்தி அது. காய் காய்ந்ததும் விற்பவனை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். வைத்திருந்து விற்பவன்தான் கெட்டிக்காரன். காரையும் வைத்திருந்தார். ஓட்டினால் தேயும் என்று ஓட்டுவதை நிறுத்தினார். மலை மழையில் இரும்பு துருப்பிடிக்கும் என்ற கவலை வந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் ஸ்டோர்.

பறித்த ஏலக்காயைப் பச்சை மாறாமல் காயவைக்கும் கட்டிடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். ஓரத்து அறையின் சுவரை இடித்துக் காரை உள்ளே தள்ளிப் பலகைக்கதவு போட்டார். காய் சீசனில் காய்க்கும் காருக்கும் சேர்த்துத் தீ. மழை மாதங்களில் காருக்கு மட்டும் தனித் தீ. எனக்குக் குளிர் அடிக்கிறது என்று வீட்டுக்குள் ஒரு நெருப்புச்சட்டி கேட்டால் புகை ஆகாது என்பார். காருக்கு விறகு எடுத்துப் போட்டது நான்தான்.

காய் பறிக்க வரும் பெண்கள் விடுவார்களா?

"அக்கா, காரு பச்ச மாறாம இருக்கா?"

"இன்னும் ஈரம் இருக்கு. வெரசா விறகக் கொண்டா" என்பேன் நானும். சிரித்துவிட்டுப் போவோம். வேறு என்ன செய்வது?

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. செடியெல்லாம் கருகியது. காய் இல்லாததால் காயின் விலை எங்கேயோ போய் நின்றது. பழைய சரக்கு வைத்திருந்தவர்கள் போடியில் மாடி கட்டினார்கள். எங்களிடம் பழைய சரக்கு என்று இருந்தது கார் மட்டும்தான். அந்த வருஷம் தரகர் மறுபடி வந்து, முன்னைவிட ரொம்ப ஏற்றிச் சொன்னார். அப்போதும் பலகைக்கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. அந்தப் பணத்துக்குச் சிலமலை மாதிரி ஒரு தோட்டம் வாங்கி, வீட்டுக்கு மச்சும் போடலாம். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். இவர் அதற்கு மேல் பாதி கேட்டார்.

"மொதலாளிகிட்டச் சொல்றேன்" என்று போனவர் அதன் பிறகு வரவே இல்லை. அந்தப் பனிக்காலத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை ஜீப்பில் இறங்கினார்கள்.

கொஞ்ச வருஷம் கழித்து, கோயமுத்தூர் முதலாளி ஒருவர் அனுப்பியதாக வேறொருவர் வந்தார். பழைய கார்களைச் சீர்செய்வதே அவர் தொழில். விலை எதுவும் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கதவைத் திறந்தார். கதவோரத்து ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சீட்டில் கை வைத்தார். தோல் அப்பளம் மாதிரி உடைந்தது. மரப்பலகை சுருங்கிக் கடிகாரம் வெளியே தொங்கியது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டு, குழாயையும் அடுப்பையும் பார்த்தார்.

"ஏங்க, காரை வேக வச்சீங்களா?"

என் கணவர் தொங்கிய கடிகாரத்தைப் பலகையில் திரும்பப் பொருத்தப் பார்த்தார்.

"பழைய காருக்கு வெல ஏறியிருக்கு, நெசந்தான். அது ஓடுற காருக்குங்க. இதுக்குச் செலவு பண்ணி முடிக்கிறப்போ, அந்தக் காசுல ஓடுற காரே வாங்கிரலாம். சும்மா கீழ போடியில ஒரு கொட்டாயில நிப்பாட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

எனக்கு டாக்டர் சொன்னதும் அதுதான். வந்தவர் கடைசியில் சொன்ன விலை ஒரு பழைய ஸ்கூட்டருக்குச் சரியாக இருந்தது. கிளம்பும்போது கையைத் துடைத்த கைக்குட்டையை முகர்ந்து பார்த்து, "ஏலக்கா வாசன மட்டும் நல்லா புடிச்சிருக்கு" என்றார். என் கணவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் போலவும் இருந்தது.

கோயமுத்தூர் ஆள் வந்துபோன செய்தி போடிக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? அந்த வாரமே மூத்தார், கூலியாட்கள் வரும் ஜீப்பில் ஏறி மேலே வந்துவிட்டார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்.

"அப்பா ஓட்டுன வண்டி தம்பி. வெளி ஆளுக்குப் போகக் கூடாது. செலமலைத் தோட்டத்த வீட்டோட நீ எடுத்துக்க. காரு எனக்கு."

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். கிணறு, ஓட்டு வீடு, அந்த உலர்ந்த காற்று எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்தத் தோட்டத்துப் புல்லை நம்பி ஓரகத்தி கறவை மாடு வைத்திருந்தாள். இரண்டு பெண்களையும் அந்தப் பாலில்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்காமல்தான் மூத்தார் வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என்னை யார் கேட்டார்கள்?

"மச்சான், அந்த ஆளு சொன்ன வெல பழைய ஸ்கூட்டருக்குத்தான் காணும். வண்டி உள்ளுக்குள்ள வெந்து போச்சு. வந்து பாருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கப்பன் காரு எனக்குத் தெரியாதா தாயி? நான் பாக்க வேண்டியதில்ல. குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. வண்டியக் கேவலப்படுத்தாத."

எவ்வளவோ சொன்னேன். கையைப் பிடித்து இழுக்காத குறை. ஸ்டோர் பக்கம் திரும்பவே இல்லை. "ஒருக்காக் கேட்டுட்டேன். இனி கேக்க மாட்டேன்" என்று காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

ஜீப் சத்தம் அடங்கிய பிறகு என் கணவர், "நீ சும்மா இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்திருக்கலாம்" என்றேன். மூத்தார் தொடாத காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தக் கோயமுத்தூர் ஆள் சொன்ன விலைக்கே கார் போனது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காசில் இடித்த சுவரைத் திரும்பக் கட்டினோம். எனக்கு ஒரு கம்பளி வந்தது. மிச்சம் மருந்துக்கடைக்குப் போனது.

அடுத்த தை மாதம் போடியில் ஒரு கல்யாணம். பந்தியில் மூத்தார் எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டுக்குக் குடுத்த?"

என் கணவர் உள்ளதைச் சொன்னார். அவர் நம்பவில்லை. "அண்ணன்கிட்ட மறைக்காத" என்றார். திரும்பவும் சொன்னார். திரும்பவும் நம்பவில்லை. மூத்தார் கண் கலங்கிவிட்டது. எனக்கு அலுத்துப்போயிற்று. மூச்சும் வாங்கியது. புதுக் காரின் விலையைச் சொன்னேன்.

மூத்தார் முகம் அப்படியே மலர்ந்தது. இலைக்கு மேலே கையை நீட்டித் தம்பியின் தோளைத் தட்டினார். "அப்பா காருல்ல. நான் அப்பவே சொன்னேன்ல" என்று பக்கத்து இலைக்காரரிடமும் சொன்னார். எனக்கு இருமல் வந்துவிட்டது. அவரே தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, நிஜமான கரிசனத்தோடு கேட்டார்.

"அம்புட்டுக் காசு வந்திருக்கு. இன்னும் ஏன் தாயி அந்தக் குளுருல கெடந்து இழுத்துக்கிட்டிருக்க? கீழ ஒரு வீடு வாங்கிட்டு வந்துர வேண்டியதுதான?"