ஊருக்கு ஓர் உழக்கு

கடமலைக்குண்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மண்ணான எங்கள் அக்காவுக்கு இன்று முதலாண்டு நினைவு நாள். புகழ்ந்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆனாலும் அக்கா இருந்தவரை ஊர்முன் சொல்லத் துணியாத ஒன்றை இந்த நினைவு மலரில் சொல்லியே ஆக வேண்டும்.

சின்ன வயதிலேயே அத்தான் தவறிவிட்டார். இரண்டு மாடுகளை வைத்தே அக்கா பிள்ளைகளைக் கரையேற்றினார். பிறகு பால் சங்கத்தில் பால் சோதிக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் ஊருக்கென்று ஒரு பொதுக் கேனை வைத்தார். சங்கத்துக்கு ஊற்றுவது போக, வீட்டுக்கு ஓர் உழக்குப் பால் அதில் ஊற்ற வேண்டும். அதை விற்றுத்தான் மடிநோய்ச் சோதனை, புதுத் தீவனப்புல்லை நட்டுப் பார்க்கும் வயல், திருவிழாவில் எங்கள் பாலைக் குடித்துப் பார்க்கச் சொல்லும் பந்தல் எல்லாம் நடந்தன.

"நம்ம பாலப் பத்தி நாமதான் சொல்லணும். வேற யாரு வந்து சொல்லுவாக?" என்பார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. "ஊரான் மாட்டுக்கு நான் ஏன் ஊத்தணும்?" என்று சண்டை போட்டேன். ஊற்றாவிட்டால் நாலு பேர் கேட்பார்களே என்று, ஒரு மழைநாளில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றினேன். என் பேரில் ஊற்றும் பாலில் சொட்டுத் தண்ணீர் சேர்த்தவன் இல்லை. பொதுப் பால்தானே என்ற நினைப்பு.

அன்று வந்தது நாலைந்து வீடுதான். அதனால் என் தண்ணீர் பொதுக் கேனில் மறையவில்லை; பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் அமிழ்ந்துவிட்டது. அக்கா அந்தப் பாலைச் சாக்கடையில் கொட்டினார்.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்று சங்கச் செயலாளர் கேட்டார்.

"நாந்தான். கேன் கழுவுன தண்ணிய வடிக்காம விட்டுட்டேன்," என்றார் அக்கா.

எல்லோர் முன்னாலும் அக்காவை அவர் திட்டித் தீர்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆண்டே பொதுக் கேன் பணத்தில் நடந்த சோதனையில் என் செவலைப் பசுவின் மடிநோய் தெரிந்து, அது பிழைத்தது. அப்போதும் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சிறுநீரகம் கெட்டு அக்கா தேனி மருத்துவமனையில் கிடந்தபோதுதான் ஆரம்பித்தேன். "அக்கா, அன்னைக்குத் தண்ணி..."

"ஏலே, தெரியும். அன்னைக்கு நீ மட்டுந்தான் பொதுப் பாலத் தனிச் செம்புல கொண்டாந்த," என்றார். பிறகு, "இப்ப ஒழுங்கா ஊத்துறியா?" என்று கேட்டார்.

"ஊத்துறேன்க்கா."

முறை வைத்துத் துணைக்கு இருந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அக்காவின் மாடுகளைக் கறந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சங்கத்தாருக்கு மட்டும் தனியாக ஒன்று. அன்று அக்கா கேனை நன்றாகத்தான் வடித்து வைத்திருந்தார்.