குறி தவறவில்லை

டோர்ட்மண்டிலிருந்து காலை 5.40க்குப் புறப்பட்டோம். நவம்பர் சனிக்கிழமை, வெளியே இரண்டு டிகிரி. காரை ஓட்டியவர் ரவி அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்து நான்கு, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக மான் வேட்டைக்காரர். பின்னால் பூட்டிய பெட்டியில் துப்பாக்கி இருந்தது. நான் ஆறு ஆண்டுகளாக மியூனிக்கில் இருப்பவன். வேட்டை ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு அவரோடு தொற்றிக்கொண்டேன்.

நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில் காபி 3.20 யூரோ. குடித்தபடியே தன் கதையைச் சொன்னார்.

"முதல் ரெண்டு வருசம் வெடி வைச்சால் போதும், அப்பிடி ஒரு வெறி. பிறகு எத்தினை விழுத்தினன் எண்ட கணக்கு. பிறகு கொம்புப் பைத்தியம், சுவர் முழுக்கக் கொம்பு. இப்ப மூண்டு வருசமா ஒண்டையும் சுடேல்லை. பாத்துக்கொண்டு நிப்பன், அது போதும். உங்கட துவக்கு காத்து வாங்கத்தான் காட்டுக்குப் போகுதோ எண்டு மனுசி கேக்கிறா."

வயது ஏற ஏற வேட்டைக்காரன் கனிகிறான் என்று குறிப்பேட்டில் எழுதினேன். மதியத்துக்குள் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அர்ன்ஸ்பெர்க் அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து காட்டுச் சாலையில் பதினொன்று. 7.50க்கு வெட்டவெளி ஒன்றில் ஆரஞ்சு நிற மேலங்கிகளோடு முப்பது பேர் கூடியிருந்தார்கள். காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் பேசினார். எழுபத்தொரு வயது, நிமிர்ந்த முதுகு, தொப்பியில் காட்டுப்பன்றி மயிர்க்கற்றை.

"குட்டி முதலில், தாய் பிறகு. குட்டியோடு வரும் தாயை யாரும் தொடக் கூடாது. தொட்டவர் இந்தக் காட்டுக்குத் திரும்ப வர மாட்டார்."

வளர்க்கும் குட்டி இருக்கையில் தாயைச் சுடுவது இங்கே சட்டப்படியும் குற்றம். தாயில்லாக் குட்டியை மான்கூட்டம் விரட்டிவிடும். பனிக்காலம் முழுக்கப் பட்டினியில் இளைத்துச் சாகும். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

9.00 மணிக்கு ரவி அண்ணையும் நானும் ஒரு பரணில் ஏறினோம். கீழே புல்வெளி; அதற்கு அப்பால், சுமார் இருநூறு மீட்டரில், குத்தகைக்காரரின் பரண். நாய்களும் ஆட்களும் காட்டைக் கலைக்க, 10.20க்கு ஒரு பெண்மான் வெளியே வந்தது. அதன் வயிற்றை ஒட்டியபடி குட்டி. ரவி அண்ணை துப்பாக்கியைத் தொடவில்லை, தொலைநோக்கியைத்தான் எடுத்தார்.

எதிர்ப் பரணிலிருந்து ஒரு வெடி. பெண்மான் முதுகை வளைத்தது. பின்னங்கால் ஒன்று துணிபோல் தொங்க, மூன்று காலில் மரங்களுக்குள் போனது. குட்டி சற்று நின்று, பின்னாலேயே ஓடியது.

"ஐயோ, தாயைச் சுட்டுப்போட்டான்," என்றார் ரவி அண்ணை. நேரத்தை ஒரு தாளில் குறித்தார்.

வேட்டை முடியும்வரை யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது, குறுக்கே குண்டுகள் பாயும். இரண்டு மணி நேரம் அந்த மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

12.30க்கு மீண்டும் கூடினோம். ஒவ்வொருவரும் எத்தனை சுட்டார், எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். காயப்பட்ட விலங்கை நாய் வைத்துத் தேட இந்தக் கணக்குதான் ஆதாரம். குத்தகைக்காரர் தன் முறை வந்தபோது சொன்னார்: "ஒரு குண்டு. குறி தவறியது."

காபியில் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

நான் ரவி அண்ணையின் கையைப் பிடித்தேன். "சொல்லுங்க அண்ணே, நாம பார்த்தோமே."

"சொன்னா முடிஞ்சுது, தம்பி. வாற வருசத்திலயிருந்து இந்தக் காட்டுக்கு எப்பவும் வரலாம் எண்டு அனுமதி தாறதாச் சொன்னவர். பன்னிரண்டு வருசம் இதுக்குத்தான் இவருக்குப் பின்னால திரிஞ்சனான்." தாளை மடித்தார், பிரித்தார். பிறகு முன்னால் போனார்.

"10.20. பெண்மான், குட்டியோடு. பின்னங்கால் உடைந்தது. நான் பார்த்தேன்," என்றார் ஜெர்மனில்.

"நாற்பத்தாறு வருடமாகச் சுடுகிறேன். தவறினால் எனக்குத் தெரியும். நீ விருந்தாளி," என்றார் குத்தகைக்காரர்.

முப்பது பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். நாற்பத்தாறு ஆண்டு அனுபவம் அந்த மனிதருக்குக் கற்றுக்கொடுத்தது எதைச் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும்தான்.

தேடும் நாயை வைத்திருந்த ஆன்கே என்ற பெண் மட்டும் எழுந்தாள். "எங்கே நின்றது?" என்று ரவி அண்ணையிடம் கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

புல்வெளியில் நாய் மூக்கை வைத்த இடத்தில் ரத்தமும் விரல் நகமளவு எலும்புச் சில்லும் கிடந்தன. நீளக் கயிற்றில் நாய் இழுக்க, ஓடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். 2.15க்குப் பெண்மானைக் கண்டோம். படுத்திருந்தது, உயிர் இருந்தது. தலையைத் தூக்க முயன்றது. ஆன்கே சுட்டாள்.

இருபதடி தள்ளி குட்டி நின்றது. வெடிச் சத்தத்துக்கும் அது ஓடவில்லை.

நாய் திமிற, ஆன்கே இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்கள்தான் சுட வேண்டும்," என்றாள் ரவி அண்ணையிடம்.

"விட்டுடுங்க அண்ணே," என்றேன். தெரிந்தும் சொன்னேன்.

"ஏலாது, தம்பி. விட்டா மாசக்கணக்காச் சாகும்."

மூன்றாண்டு சும்மா சுமந்த துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நீண்ட நேரம் எடுத்தார். ஒரே குண்டு.

4.00 மணிக்கு, சுடப்பட்ட விலங்குகளைத் தேவதாரு கிளைகள்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் மரியாதைக்காக ஒரு பச்சைக் கொத்து, கடைசி உணவாம். பக்கத்தில் தீ மூட்டிக் கொம்பு ஊதினார்கள். அழகான சடங்கு. நான்கு மணி நேரம் மூன்று காலோடு தவித்த மானின் வாயிலும் அழகாகவே கொத்து வைத்திருந்தார்கள். குத்தகைக்காரர் தொப்பியைக் கழற்றி, சுட்டவருக்குத் தரும் கிளையோடு ரவி அண்ணையிடம் வந்து, குட்டியைச் சுட்டதற்காக வாழ்த்தினார்.

ரவி அண்ணை கையை நீட்டவில்லை. "இது உங்கள் குண்டு," என்றார்.

கார் கதவருகே வந்து அந்த மனிதர் பதில் சொன்னார்: அடுத்த ஆண்டு விருந்தாளிகளைக் குறைக்கப் போகிறாராம்.

அர்ன்ஸ்பெர்க்கைத் தாண்டினோம். ரவி அண்ணை சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "சுட முந்தி குட்டி என்னைப் பாத்தது. நீங்கள் கண்டனீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குக் கேட்ட பொய்யே போதும் என்று தோன்றியது.

"கண்டேன் அண்ணே," என்றேன்.