கோமதியின் பக்கத்தில் ஓர் இடம்

போட்டோவைக் கொடுத்து டிஜிட்டல் படம் வரையச் சொல்கிறவர்கள், போட்டோவில் இருப்பதைக் கேட்பதில்லை, இல்லாததைத்தான் கேட்கிறார்கள். நெற்றியில் முடி, மூக்கில் மூக்குத்தி, போன வருஷம் செத்துப்போன தம்பி. டெல்லி ஆர்.கே.புரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறேன். உங்களில் இதே வேலை பார்ப்பவர்களிடம் என் கழுத்து வலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மோதி பாக்கிலிருந்து வந்த ஓர் ஆர்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மாலைகள்

போனில் பேசியவள் மீனா. டெல்லியிலேயே பிறந்து, அரசாங்க வேலையில் இருப்பவள். "அண்ணா, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து முகம் தெரியுற மாதிரி வீட்ல ஒரு போட்டோகூட இல்ல. ஒண்ணா பண்ணிக் குடுங்க. அம்மா நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே போயிட்டாங்க. சாமி ரூம் பக்கத்துல மாட்டணும். ஜல்தி வேணும், அச்சா?" என்றாள். அம்மாவின் பழைய கலர் போட்டோ ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அப்பாவுடையது ஏதோ அடையாள அட்டைக்கு விறைத்துக்கொண்டு எடுத்தது.

சாமி ரூம் பக்கத்தில் யாருடைய படத்தை மாட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? நான் எதுவும் கேட்கவில்லை. இருவரையும் அருகருகே வரைந்து, ஆளுக்கொரு சந்தன மாலையும் போட்டு, மாதிரியைக் காட்ட நேரில் போனேன். கதவைத் திறந்தவர் படத்தில் இருந்தவர். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"மாலை நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கலாம்."

எதிரே நின்றவர்

அவர் பெயர் சுப்பையா. திருநெல்வேலிக்காரர். மாலைகளை எடுத்துவிடுகிறேன் என்றேன், டீ கொடுத்தார். கல்யாணப் படம் இருக்குமே என்று கேட்டேன். கொண்டுவந்து காட்டினார். அதில் அவர் மனைவி கோமதி தலை நிமிரவே இல்லை. வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிந்தன. டெல்லிக்கு வந்ததும் சுப்பையா ஒரு கேமரா வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஆல்பம் முழுக்கக் கோமதி, இல்லாவிட்டால் கோமதியும் குழந்தையும். அவர் எதிலும் இல்லை.

யாரிடமாவது கொடுத்து ஒன்று எடுத்திருக்கலாமே என்றேன்.

"கேமராவ அடுத்தவன் கையில குடுக்க மனசு வரல. அவளும் கேட்டா, ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்து நில்லுங்கன்னு. வாரேன் வாரேன்னு சொல்லியே ஓட்டிட்டேன்."

வயது

மாலையை எடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. படத்தில் கோமதிக்கு முப்பதுகூட இருக்காது, அவர் எழுபதைத் தாண்டியவர். பார்க்கிறவர்கள் அப்பாவும் மகளும் என்பார்கள். "அப்பாவ யங்கா பண்ணிடுங்க அண்ணா" என்றாள் மீனா. "டோப்பா வச்ச மாதிரி இருக்கும், வேண்டாம்" என்றார் அவர். கோமதியை வயதாக்கிப் பாருங்கள் என்று அவரே சொன்னார்.

செய்தேன். தலையை நரைக்க வைத்து, கன்னத்தைச் சற்றுத் தளர்த்தி, கண்ணுக்குக் கீழே கோடுகள் போட்டேன். ஒரு கண்ணாடியும் மாட்டினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. மீனா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுப்பையா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்க மாமியார்லா தம்பி! இவங்க உயிரோட இருந்தப்பவே நான் பக்கத்துல உக்காந்தது கிடையாது."

சுத்தம்

கடைசியில் யார் வயதையும் தொடாமல் வரைவதென்று முடிவாயிற்று. பிரிண்ட் போட்டு, அம்மாவின் பழைய போட்டோவையும் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனேன். பழைய படம் கைக்கு வந்தால் முதலில் சுத்தம் செய்வோம் அல்லவா? கீறல், பூஞ்சை, கறை, முகத்தைவிட்டுக் கண்ணை இழுக்கிற எதுவானாலும் போய்விடும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகத்தை அல்ல, தரையை. பழைய போட்டோவில் கோமதி சாயங்கால வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருக்கிறாள். புல்லின் மேல் நீளமாக ஒரு நிழல், அவள் புடவைக் கரை வரைக்கும்.

"இது எங்க போச்சு?" என்று அந்த நிழலைத் தொட்டுக் காட்டினார்.

"நிழல்தானே சார், இடைஞ்சலா இருந்துச்சு" என்றேன்.

மீனா குனிந்து பார்த்தாள். அந்த நிழலுக்கு இரண்டு முழங்கைகளும் பக்கவாட்டில் விரிந்திருந்தன, முகத்தருகே எதையோ தூக்கிப் பிடித்த மாதிரி. "அப்பா, இது நீங்களா?" என்றாள். அவர் நான் வரைந்த படத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அழிச்சது என்னைத்தான் தம்பி. இந்தக் கெழவன எடுத்துட்டு அவனத் திரும்பக் கொண்டாந்து விட்ருங்க. அவ அவனப் பாத்துத்தான் சிரிக்கா."

நீ செய்ததில் எது நன்றாக வந்தது என்று யாராவது கேட்டால், எதையும் வரையாமல், எதையும் துடைக்காமல், பெரிதாக்கிச் சட்டம் மட்டும் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய போட்டோவைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.