மூக்குச் சாட்சி

எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் மாடியில் என் மூக்கை நம்பாதவர் ஒருவரும் இல்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனது நேற்றைய பாலா இன்றைய பாலா, வாங்கிவந்த நெய்யில் கலப்படம் உண்டா, கருவாடு இன்னும் ஒரு வெயில் காண வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பேன். சொன்னால் சொன்னதுதான். எறும்பு எனக்குப் பங்காளி என்று பக்கத்து அறை அக்கா கேலி செய்வார். கேலி செய்துவிட்டுத் தன் நெய்யைத்தான் முதலில் நீட்டுவார்.

சிராங்கூன் ரோட்டுக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஒரு சந்தில் எங்கள் கடைவீடு. மாடியில் நான்கு குடும்பங்கள், ஆளுக்கு ஓர் அறை, பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையற்கட்டு. கீழே கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே காப்பிக்கொட்டை வறுப்பார். கடைசியில் அவர் சீனியும் வெண்ணெயும் போட்டுப் புரட்டும்போது மாடிக்கு ஏறிவரும் மணத்தில்தான் நான் கண் விழிப்பேன். எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

ஆனால் என் மூக்கின் பெரிய உத்தியோகம் மாலையில்தான். அப்பாவுக்குத் துறைமுகத்துக் கிட்டங்கியில் வேலை. நல்ல மனிதர், கள் உள்ளே போகாதவரை. ஒரு தைப்பூசத்தன்று தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர் சாக்கடையில் விழுந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை, தம்பியின் கை முறிந்தது. மறுநாள் அம்மா அவரைக் கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். இன்னொரு முறை கள் வாடை வந்தால் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிடுவாள். இதுதான் ஒப்பந்தம். அம்மா சொன்னால் செய்கிறவள். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி தயாராகவே இருந்தது.

வாடை வருகிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. அம்மாவுக்குப் பீனிசம். அவள் மூக்கில் எந்த வாசனையும் ஏறாது என்று அவளே சொல்லியிருந்தாள். அதனால் தினமும் அப்பா படியேறி வந்து, செருப்பைக் கழற்றி, என் உயரத்துக்குக் குனிவார். வாயைத் திறந்து ஊதுவார். நான் முகத்தோடு முகம் வைத்து மோந்து, "இல்ல" என்பேன். அதற்குப் பிறகுதான் அம்மா காப்பியைக் கொண்டுவருவாள். ஒன்றரை வருடமாக "இல்ல" என்றே சொல்லி வந்தேன். அது உண்மையாகவும் இருந்தது.

அந்த வருடம் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. எங்கள் மாடியில் எல்லாரும் படுத்தோம். மற்றவர்கள் நாலு நாளில் எழுந்தார்கள், நான் எட்டு நாள் கிடந்தேன். ஒன்பதாம் நாள் கண் விழித்தபோது வெயில் சுவரில் பாதிவரை வந்திருந்தது. தவுக்கே கடையை மூடிவிட்டாரா என்று சன்னலில் எட்டிப் பார்த்தேன். இல்லை. புகை எப்போதும் போல ஏறிக்கொண்டிருந்தது, மணம்தான் வரவில்லை. கொட்டையில் ஏதோ மோசடி செய்கிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம் அம்மா ரசம் ஊற்றினாள். உப்பும் புளிப்பும் உள்ள வெந்நீர். மிளகு மட்டும் தொண்டையில் எரிந்தது. சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி என்று ஒரு பேச்சு இல்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள். எனக்கோ உப்பைத் தவிர மற்றெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது. அம்மா சிக்கனம் பிடிக்கிறாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன். குறை நம்மிடம் இருக்கலாம் என்று எந்த மூக்குக்குத்தான் தோன்றும்?

சாயங்காலம் தைலத்தை மோந்து பார்த்தேன். சில்லென்று ஏறியது. அப்பாடா, மூக்கு இருக்கிறது என்று மூடியைத் திருகினேன். அந்தக் குளிர்ச்சி வாசனையே அல்ல, பல்வலியும் கன்னத்து அடியும் போகிற நரம்பு வழியாகத்தான் மிளகின் எரிச்சலும் தைலத்தின் குளிரும் போகின்றன என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள இன்னும் முப்பது வருடம் ஆனது. அன்று தைலம் என்னை நன்றாக ஏமாற்றியது. அப்பா குனிந்து ஊதினார். ஒன்றும் வரவில்லை. "இல்ல" என்றேன்.

இரண்டு மூன்று நாளில் உண்மை புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சொன்னால் என் மரியாதை போகும். அதைவிட, சாட்சி இல்லாத வீட்டில் அம்மா ஒருநாளும் இருக்கமாட்டாள், பெட்டியை இழுத்துவிடுவாள் என்று பயந்தேன். அக்காவின் நெய்யை மோந்து, அவர் முகத்தைப் பார்த்து, அவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொன்னேன். ஆச்சரியம், அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஆனால் அப்பாவின் முகத்தை அப்படிப் படிக்க முடியவில்லை. அவர் மீது எனக்கு வந்த சந்தேகம் போல இந்த உலகத்தில் எதன் மீதும் வந்ததில்லை. கண் சிவந்திருந்தால் சந்தேகம். சிவக்காவிட்டால், எப்படி மறைத்தார் என்று சந்தேகம். செருப்பைக் கோணலாக விட்டாலும் உற்றுப் பார்த்தேன், நேராக விட்டாலும் உற்றுப் பார்த்தேன். ஒருநாள் கிராம்பு மென்றுகொண்டு வந்தார். பல்வலி என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பது நாள் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை மாலை அம்மா என்னைப் புளி வாங்க அனுப்பினாள். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் திரும்பி வரும்போது, எதிர்ச்சாரியில் கள்ளுக்கடைச் சந்து முனையில் அப்பா நின்றிருந்தார். முதுகு என் பக்கம். கையில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றார். நடுவில் ஒரு லாரி வந்து நின்று, மூட்டை இறக்கி, போனது. அதற்குள் அப்பாவைக் காணோம். உள்ளே போனாரா, வீட்டுக்குப் போனாரா தெரியாது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் நின்றது கள்ளுக்கடை வாசலிலேயே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கை முறிந்ததற்குப் பிறகு முதல் முறையாகத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போக அப்பாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. தம்பி காலையிலிருந்தே அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான்.

நான் புளியோடு படியேறியபோது அப்பா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். குனிந்தார், ஊதினார். எனக்கு வெறும் காற்று. "இல்ல" என்றால் நாளைக்குத் தம்பி தோளில் ஏறுவான். "இருக்கு" என்றால் கப்பல். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று சொன்னவர்கள் மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

"இருக்கு" என்றேன்.

அப்பா நிமிரவில்லை. மறுக்கவும் இல்லை. அதுவே எனக்கு ஒப்புதல் வாக்குமூலமாகப் பட்டது. அம்மா கிட்டே வந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, அதில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடி. இருக்கா?"

"இருக்கும்மா."

இப்போது பெட்டியை இழுப்பாள் என்று கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இழுக்கவில்லை. பக்கத்து அறை அண்ணனை அனுப்பித் தன் அண்ணனை, என் மாமாவை, அழைத்துவரச் சொன்னாள். மாமா பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற டிரஸ்ஸர். டாக்டர்களோடு இருந்து இருந்து பாதி டாக்டர் ஆனவர், மீதிப் பாதியை அவரே சேர்த்துக்கொண்டவர். கப்பல் டிக்கெட்டுக்கு எழுதிப்போடத்தான் அவரைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

மாமா வந்ததும் அம்மா பாதிப் படி இறங்கிப் போய் அவரிடம் என்னவோ சொன்னாள். மேலே வந்தவர் அப்பாவின் வாயை மோந்து பார்க்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, அந்தத் துண்டாலேயே என் கண்ணைக் கட்டினார். நாக்கில் ஏதோ வைத்தார். உப்பு என்றேன். சீனி என்றேன். புளி என்றேன். பிறகு மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தார். ஒன்றும் வரவில்லை. மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு தைலப்புட்டி இருக்கும். சில்லென்று ஏறவில்லையே என்று அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை.

"தைலம்" என்றேன்.

துண்டை அவிழ்த்தேன். மாமாவின் உள்ளங்கையில் தவுக்கே கடைக் காப்பித்தூள்.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

காய்ச்சலிலிருந்து என்று சொல்லி அழுதேன். மாமா திட்டவில்லை. அவருக்கு விளக்கம் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு லா. அதோட நரம்பு வேற பாதை. மூக்குக்கு உச்சியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, ஒரு எலும்பு இருக்கு. கள்ளு வடிகட்டுற பன்னாடை பாத்திருக்கியா? உங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும். அது மாதிரி பொடிப்பொடி ஓட்டை. அது வழியாத்தான் வாசனை நரம்பு மூளையிலேருந்து வேர் மாதிரி கீழ தொங்குது. காய்ச்சல் வந்து வேர் வாடிப்போச்சு. துளுக்கும், பயப்படாத."

மூன்று மாதத்தில் அது துளிர்த்ததும் உண்மை. முதலில் காப்பி ரப்பர் எரிவது போலத்தான் நாறியது. பிற்பாடு நான் புத்தகங்களில் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் மூளையின் நடுவே ஒரு கங்காணியிடம் பேர் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டுமாம். வாசனைக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. அது நேராகப் பயமும் ஞாபகமும் குடியிருக்கும் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிடும்.

"அப்ப நீங்க குடிக்கலையா மாப்பிள்ள?" என்று மாமா அப்பாவிடம் கேட்டார்.

"இல்ல மச்சான். கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். தெனமும் நிப்பேன், வாசம் பிடிச்சுட்டு வந்துடுவேன். அந்த வாடை சட்டையில ஒட்டியிருக்கும் போலன்னு நெனச்சுத்தான் பேசாம இருந்தேன்."

"வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகலையாக்கும்?"

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்டுக்கு வந்தா இந்தப் புள்ள மூஞ்சி கிட்ட வருமே மச்சான். குடிச்சுட்டு எப்படிக் குனியுறது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்பது நாள் சாட்சியமும் செல்லாது என்று ஆகிவிட்டது. அந்த நாற்பது நாளில் அப்பா என்ன செய்தாரோ என்று இப்போதுதான் எரிமலை வெடிக்கும் என்று காத்திருந்தேன். அவளோ பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப நாளைக்குத் தம்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"போகட்டும்" என்றாள்.

மாமாவுக்குக் காப்பி கலக்கப் பின்பக்கச் சமையற்கட்டில் பால் வைத்திருந்தது. நடுவில் மூன்று அறைகள், எங்கள் கதவும் சாத்தியிருந்தது. அம்மா பூண்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பால் அடிப்பிடிக்குது, ஓடு" என்றாள்.

ஓடினேன். எனக்குப் பின்னால் மாமா சிரிப்பது கேட்டது. பாத்திரத்தின் அடியில் பால் பழுப்பாகப் பிடித்து, புகை கிளம்பியிருந்தது. எனக்கு அது ஒரு வாசனையும் இல்லாத வெள்ளைப் புகை. தவுக்கேயை, ரசத்தை, கிராம்பை, பெற்ற அப்பாவை என்று நாற்பது நாள் கண்டதையெல்லாம் சந்தேகப்பட்ட நான், பீனிசக்காரி சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் சந்தேகப்படாமல், துணியைச் சுற்றிப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.